விசிடி, டிவிடி, புளூ-ரே: வென்றது யார் என்பதைத் தீர்மானித்த கேம் பெட்டி

கேமரன் மலையில் போ, சுங்கை பாலாஸ், ஃபேர்லி என எந்தத் தோட்டத்து லயத்து வீடாக இருந்தாலும், 1990களின் பிற்பகுதியில் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்தது விசிடி பிளேயர்தான். மலைக் குளிருக்கும் ஈரத்திற்கும் வீடியோ நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு விசிடியில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று வட்டு தேவைப்பட்டது. கதை சூடு பிடிக்கும் இடத்தில் எழுந்து போய் வட்டு மாற்ற வேண்டும்!

1993-இல் தரநிலை வகுக்கப்பட்ட விசிடி, அமெரிக்காவில் பெரிதாக எடுபடவில்லை. நம் வட்டாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. சோனியும் இதைக் கவனித்தது. முதல் பிளேஸ்டேஷனில் விசிடி ஓடும் வெள்ளை நிற மாடல் ஒன்றை ஆசியச் சந்தைக்கென்றே தனியாக வெளியிட்டது.

2000 மார்ச் 4-இல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. விலை 39,800 யென். விளையாட்டுக் கருவி வாங்கினால் டிவிடி பிளேயரும் கூடவே கிடைத்தது. பிள்ளைகளுக்காக வாங்கிய பெட்டியில் பெரியவர்கள் படம் பார்த்தார்கள். இந்தக் கருவி உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் அதில் விசிடி ஓடாது. அதனால் வீட்டில் விசிடி சேர்த்து வைத்திருந்தவர்கள் பழைய பிளேயரை அகற்ற முடியவில்லை. நிண்டெண்டோவின் கேம்கியூபில் டிவிடி படமே ஓடாது. முதல் எக்ஸ்பாக்ஸில் படம் பார்க்கத் தனி ரிமோட் வாங்க வேண்டியிருந்தது.

உண்மையான போர் 2006-இல் மூண்டது. ஒரு பக்கம் தோஷிபாவின் எச்டி டிவிடி (ஓர் அடுக்கில் 15 ஜிபி), மறு பக்கம் சோனி அணியின் புளூ-ரே (25 ஜிபி). அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த சாம்சுங்கின் முதல் புளூ-ரே பிளேயர் ஏறக்குறைய 1,000 டாலர். நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் தொடக்க விலையோ 499 டாலர். நஷ்டத்துக்கு விற்றாலும் புளூ-ரேயை வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பதே சோனியின் கணக்கு. மைக்ரோசாஃப்ட் எச்டி டிவிடி டிரைவை எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் வைக்கவில்லை. 199 டாலருக்குத் தனியாக விற்றது. என்னைக் கேட்டால், தோஷிபா தோற்றது அங்கேதான். 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19-இல் தோஷிபா கைவிட்டது.

நம் வீடுகளில் இதன் விளைவு வேறு விதமாகத் தெரிகிறது. திருமணம், சடங்கு, கோயில் திருவிழா என விசிடியில் பதிவு செய்தவை பல வீடுகளில் இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டுமே சிடி வகை வட்டைப் படிப்பதில்லை. சிடி டிரைவ் உள்ள கணினியில் அந்த வட்டைப் போட்டு, எம்பெக்ஏவி என்ற கோப்புறையைத் திறந்தால் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். அதைப் பிரதி எடுத்து விஎல்சி மென்பொருளில் ஓடவிடலாம். வீட்டில் பதிவு செய்த வட்டுகளின் சாயம் காலப்போக்கில் மங்கும். கீறல் விழுந்தவற்றையும் மிகப் பழையவற்றையும் முதலில் எடுங்கள்.