துபாஷ் உத்தியோகம்

சென்ற மாசி மாதம் அரிமளத்தில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அரிமளம் புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் பக்கத்து ஊர். பழைய தொண்டைமான் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சமஸ்தானம் 1948-ஆம் ஆண்டிலேயே இந்தியாவோடு இணைந்து மறைந்துவிட்டது. ஆனால் அத்தான் தம் தகப்பனாரிடமிருந்து நிலபுலன்களோடு சமஸ்தானத்து வார்த்தைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டவர். ஒருவனுக்கு வேலை கிடைத்தது என்று சொன்னால், "எந்தக் கச்சேரியில்?" என்றுதான் இன்றைக்கும் கேட்பார்.

அவர் மகனுக்கே வேலை கிடைத்தபோது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாகிவிட்டது. பையன் ஒரு பெரிய தொழிற்சாலையில் மக்கள் தொடர்பு அதிகாரி. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது.

"மாப்பிள்ளை, நீ எழுதுகிறவன். நீயே சொல்லு, இது என்ன உத்தியோகம்? கணக்கு எழுதுவதில்லை. சரக்கு விற்பதில்லை. இயந்திரத்தின் பக்கம் போவதில்லை. பத்திரிகைக்காரர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பதற்கா இவனை இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்றார் அத்தான்.

பையன் பேசாமல் திண்ணைத் தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சாப்பாடு முடிந்து அத்தான் படுக்கப் போனபிறகுதான் வாயைத் திறந்தான். கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் மூன்று தடவை தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார்களாம். இவன் அந்த ஊர்களுக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் நாலு பக்கம் எழுதி முதலாளியிடம் கொடுத்திருக்கிறான். அவர் முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. "தம்பி, வெளியே பேசுவதற்குத்தான் உன்னை வைத்திருக்கிறேன். என்னிடம் பேசுவதற்கு அல்ல" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், மாமா."

விட்டுவிடு என்று சொல்வது எனக்குச் சுலபம். நாளைக்கு வேறு வேலை தேடி அலையப் போகிறவன் நானல்லவே! கதை எழுதுகிறவனுக்குப் புத்திமதி சொல்ல வராது. கதைதான் சொல்ல வரும். அன்று இரவு அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

இந்த உத்தியோகம் புதிது என்று அத்தான் நினைக்கிறார். பெயர்தான் புதிது. 300 வருஷங்களுக்கு முன் சென்னப்பட்டணத்திலும் புதுச்சேரியிலும் இதற்குத் துபாஷ் என்று பெயர். இரண்டு பாஷை அறிந்தவன் என்று அர்த்தம். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஊர் புரியாது. ஊருக்குக் கம்பெனி புரியாது. நடுவில் துபாஷ் நின்றான். கம்பெனி சொல்வதை ஊருக்குச் சொல்வது பாதி வேலை. ஊர் சொல்வதைக் கம்பெனிக்குச் சொல்வது மறு பாதி. சம்பளம் கொடுத்தவர்கள் முதல் பாதிக்குத்தான் கொடுத்தார்கள். மறு பாதிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதை நைனியப்பப் பிள்ளையின் சரித்திரத்தில் பார்க்கலாம்.

நைனியப்பப் பிள்ளை 1708 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். சரக்குக் கொள்முதல், கடன், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் அவர் கையில். இந்துக்களின் பண்டிகைகளுக்கும் கோயில் காரியங்களுக்கும் கம்பெனி கட்டுப்பாடு விதித்தபோது, நெசவாளரும் வியாபாரிகளும் ஊரையே காலி செய்துவிட்டுப் போகத் துணிந்தார்கள். நெசவாளன் போனால் துணி இல்லை. துணி இல்லாவிட்டால் கம்பெனி எதற்கு? இந்த அதிருப்திக்கு உண்மையான காரணம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள, அவரைவிடத் தகுந்த ஆள் புதுச்சேரியில் இல்லை. ஆனால் குவர்னர் எபேர் வேறு விதமாக யோசித்தார். ஜனங்களின் மனசு இவனுக்குத் தெரிகிறது என்றால், அதைக் கெடுத்தவனும் இவனே! 1716-இல் கைது, கலகத்தைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. கடைத்தெருவில் 50 சவுக்கடி, மூன்று வருஷம் சிறை, சொத்து பறிமுதல். 1717-இல் நைனியப்பர் சிறையிலேயே இறந்துபோனார். அவர் மகன் குருவப்பர் கப்பலேறிப் பிரான்சுக்கே போய் வழக்காடினார். தீர்ப்பு ரத்தாயிற்று. செத்தவருக்கு அது என்ன பிரயோஜனம்?

நைனியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் அப்போது சிறையில் கிடந்தார். திருவேங்கடம் பிள்ளையின் பிள்ளைக்கு வயது ஏழு. மாமன் கடைத்தெருவில் அடிபட்டதைக் கேட்டு வளர்ந்த அந்தப் பையன்தான் பிறகு அதே கம்பெனியில், ஏறக்குறைய அதே உத்தியோகத்தில் அமர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பிறந்தவர். 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1747-இல் குவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷ் ஆனார். அந்த நாட்குறிப்பைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். கப்பல் வந்தது, பீரங்கி முழங்கியது என்பதற்குச் சமமாக, இன்னார் வந்தார், இன்னது சொன்னார், என்ன முகத்தோடு சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். ஆர்க்காட்டில் என்ன பேச்சு, தஞ்சாவூரில் என்ன பேச்சு, கல்யாண ஊர்வலத்தில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் இருக்கிறது. அதைவிட நுட்பமான காது அன்று தென்னாட்டில் எந்த எஜமானுக்கும் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளையவர்கள் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. சொந்த வியாபாரமும் நடத்தினார், சொந்தப் பெருமையையும் விடாமல் எழுதி வைத்தார். டூப்ளேயின் முகத்துக்கு நேரே அவர் பாடும் முகஸ்துதியைப் படித்தால் நமக்கே கூச்சமாக இருக்கிறது. சவுக்கடி நினைவிருக்கிறவன் எஜமானிடம் வேறு எப்படிப் பேசுவான் என்றும் தோன்றுகிறது.

டூப்ளேயோ அந்தக் காதை வாயாகவே உபயோகித்தார். பணம் திரட்ட வேண்டுமா, நவாபுக்குக் காகிதம் போக வேண்டுமா, ரங்கப் பிள்ளை வேண்டும். ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டுமானால் வீட்டிலேயே இன்னொருவர் இருந்தார். டூப்ளேயின் மனைவி புதுச்சேரியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள். அவளுக்கென்று தனியாக ஒற்றர்கள். இரண்டு வழியில் சேதி வந்தால் எஜமானுக்கு இனிப்பான சேதிதான் ஜெயிக்கும். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். ஊரார் முறையிட வந்தது ரங்கப் பிள்ளையிடம். அவரால் ஒரு கல்லைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. எதிரி மதிலுக்கு வெளியே நிற்கும்போது, மதிலுக்கு உள்ளே இருக்கிற ஜனங்களின் மனசை உடைக்கலாமா? இந்தக் கேள்வியை எஜமானிடம் கேட்கத்தான் துபாஷ் இருக்கிறான். கேட்கும் இடம் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை.

டூப்ளே தம் எஜமானர்களுக்கு என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக நடந்த யுத்தத்தில் 1752-இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தது. எங்கள் தொண்டைமான் எதிர்க் கட்சி. அவர் சீமையிலிருந்து கோட்டைக்குத் தானியம் போய்க்கொண்டிருந்தது. டூப்ளே பாரிசுக்கு எழுதிய கடிதங்களில் தோல்விகள் சிறுத்தன, வரப்போகிற லாபங்கள் பெருத்தன. தமக்கு யாரும் கசப்பைச் சொல்லக்கூடாது என்று இருந்தவர், தாமும் மேலே யாருக்கும் கசப்பைச் சொல்லவில்லை. 1754-இல் புதிய அதிகாரி கப்பலில் வந்து இறங்கினார். டூப்ளேயைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

எதிர்க் கட்சியான ஆங்கிலேயர் மட்டும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்களா என்றால், அதுவும் இல்லை. திருச்சியில் மேஜர் லாரன்சுக்கு நம் நாட்டுப் பாஷைகள் தெரியாது. தஞ்சாவூர் ராஜாவோடும் தொண்டைமானோடும் அவர் பேசியதெல்லாம் ஒரு துபாஷியின் வழியாக. ஆங்கில ஏடுகளில் 'போனியாப்பா' என்று கிடக்கிறது, பொன்னியப்பனோ, பொன்னப்பனோ! வெறும் குழாய் என்று நினைத்து அவனை நடுவில் வைத்தார்கள். குழாய்க்கும் ஒரு மனசு இருந்தது. அவன் உள்ளுக்குள் மைசூர்க்காரர்களோடு பேரம் பேசினான். தனக்கு இடைஞ்சலாக இருந்த யூசுப் கானை, மதுரைச் சீமை பின்னால் கான் சாகிபு என்று அறிந்த அதே மனிதரை, ஒரு பொய்க் கடிதத்தால் துரோகியாக்கப் பார்த்தான். 1754-இல் குட்டு வெளிப்பட்டு, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அவன் செய்தது துரோகம், சந்தேகமில்லை. ஆனால் தன்னைச் சுற்றியிருந்த ராஜ்யங்களை ஒரே ஒருவன் நாக்கின் வழியாக மட்டும் அறிந்துகொண்ட சேனாதிபதியைப் பற்றி என்ன சொல்வது?

"அதெல்லாம் ராஜா காலத்துச் சமாசாரம், மாமா. நான் படித்த பாடத்தில் ஐவி லீ என்று ஓர் அமெரிக்கரைத்தான் சொன்னார்கள்" என்றான் பையன்.

சரி, ஐவி லீயையே எடுத்துக்கொள்வோம். 1906-இல் பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் வண்டி ஒன்று விபத்துக்குள்ளாயிற்று. மூடி மறைப்பதுதான் அதுவரை வழக்கம். லீ நிருபர்களைக் கம்பெனிச் செலவிலேயே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். முதலாளிகள் திகைத்தார்கள். ஆனால் கெட்ட பெயருக்குப் பதில் நல்ல பெயர் கிடைத்தது. அதே லீ 1914-இல் ராக்பெல்லர் குடும்பத்துக்கு வேலை பார்த்தார். கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஏப்ரல் 20-ஆம் தேதி அவர்கள் கூடாரங்கள் தீக்கிரையாயின. ஒரு கூடாரத்தின் அடியில் பள்ளத்தில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். சுரங்கக் கம்பெனி கொடுத்த விவரங்களை லீ சரிபார்க்காமல் அச்சடித்து நாடெங்கும் அனுப்பினார். பல பொய் என்று விசாரணையில் தெரிந்தது. 'விஷக் கொடி' என்ற பட்டப் பெயர் அவருக்கு ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. ஐவி என்பது அங்கே ஒரு கொடியின் பெயரும்கூட. ஆனால் 1915-இல் சின்ன ராக்பெல்லர் நேரிலேயே கொலராடோ போனார். சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர் வீடுகளில் உட்கார்ந்து பேசினார். நேரில் போய்க் கேளுங்கள் என்று சொன்னவர்களில் லீயும் ஒருவர். அச்சடித்து அனுப்பிய காகிதங்கள் எல்லாம் சாதிக்காததை அந்தப் பயணம் கொஞ்சமாவது சாதித்தது.

நானும் இந்த வேலையை ஒரு வருஷம் பார்த்தவன் என்பது பையனுக்குத் தெரியாது. கல்லூரியைப் பாதியில் விட்ட புதிதில், ஒரு வியாபார ஸ்தாபனத்தில். வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. தேன் ஒழுக எழுதுவேன். ஒரே புகார் நாற்பது கடிதங்களில் வந்தது. அதை மேலே சொன்னேனா? இல்லை. நாற்பது விதமாகத் தேன் ஒழுக எழுதினேன். முதலாளி என்னை மிகவும் மெச்சினார். இதைப் பையனிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ரங்கப் பிள்ளை கடைசியில் என்ன ஆனார்?" என்று அவன் கேட்டான்.

டூப்ளே போன பிறகு அவருடைய உத்தியோகமும் போயிற்று. நோயோடும் கடன் வழக்குகளோடும் கிடந்து, 1761 ஜனவரி 12-ஆம் தேதி கண்ணை மூடினார். நான்கு நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நாட்குறிப்பு வீட்டிலேயே கிடந்தது. கல்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு உத்தியோகஸ்தர் 1846-இல் அதைக் கண்டெடுத்தார். 85 வருஷம்! சென்னை அரசாங்கம் அதை 1904 முதல் 12 பாகங்களாக இங்கிலீஷில் வெளியிட்டது. ஆங்கிலேயர் படித்தார்கள், சரித்திரக்காரர்கள் படித்தார்கள். எந்த எஜமானுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ அவர் 1763-லேயே பாரிசில் வறுமையில் இறந்துவிட்டார்.

"டூப்ளே அதை அப்போதே படித்திருந்தால், மாமா?"

"எப்படிப் படிப்பார்? அவருக்குத் தமிழ் தெரியாதே!"

பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "எனக்கும் எங்கள் முதலாளிக்கும் ஒரே பாஷைதான், மாமா" என்றான்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினான். அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தின் மேல் அந்த நாலு பக்கக் காகிதத்தை மடித்து வைத்தான். இரவில் எப்போது விழித்திருந்து எழுதினானோ, புதிதாக ஐந்தாவது பக்கம் ஒன்று சேர்ந்திருந்தது. எந்தெந்தக் கிணறு, யார் வீட்டுக் கிணறு, தெருவிலிருந்து எத்தனை அடி என்று பட்டியல்.

திண்ணையிலிருந்து அத்தான் கேட்டார்: "என்னடா, கச்சேரிக்கா?"

"ஆமாம் அப்பா" என்று சொல்லிவிட்டு, பஸ் சத்தம் கேட்டு ஓடினான்.