புரண்ட இலை

இலைக்கு மேல்பக்கம், அடிப்பக்கம் என்று இரண்டு உண்டு. வானத்தைப் பார்ப்பது மேல்பக்கம். ஜப்பானில் ஒரு புல் இந்த ஒழுங்கை மதிப்பதில்லை. இலை அடியிலேயே முறுக்கிக்கொண்டு, அடிப்பக்கத்தை வானத்துக்குக் காட்டியபடி வளைந்து தொங்குகிறது. அதனால் அதற்கு 'உராஹாகுசா' என்று பெயர். உரா என்றால் பின்பக்கம், ஹா இலை, குசா புல். சின்னக் காற்றுக்கும் ஆடுவதால் 'ஃபூசிசோ', காற்றை அறிந்த புல், என்றும் சொல்வார்கள்.

டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஹக்கோனே மலை. அந்தப் பக்கத்து ஈரச் சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும், நிழலில் வளரும் புல் இது. அறிவியல் பெயர் ஹக்கோனேக்ளோவா மாக்ரா. இந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான்.

தாவரங்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் சில ஆட்களின் பெயர்கள் ஒட்டிக்கொண்டு வரும். என் மாதிரி மென்பொருள் ஆட்களுக்கு அது கமிட் ஹிஸ்டரி மாதிரித்தான் தெரியும். யார் முதலில் எழுதினார், யார் திருத்தினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தப் புல்லுக்கு அடைப்புக்குறிக்குள் மன்ரோ. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, புல் வகைகளில் நிபுணர். அவர் இதை நாணல் கூட்டத்தில் சேர்த்தார். அது நாணல் இல்லை, தனிப் பேரினம் என்று சொன்னவர் தொமிதாரோ மக்கினோ. 1930இல் முறைப்படி வெளியிட்டவர் ஹோண்டா.

மக்கினோ 1862இல் ஷிகோக்கு தீவின் சகாவா ஊரில், சாக்கே மது வடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். தொடக்கப் பள்ளியைக்கூட முடிக்கவில்லை. 1884இல் டோக்கியோ போய், பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்குள் நுழைய அனுமதி வாங்கினார். அப்போதெல்லாம் ஜப்பானியச் செடிகளுக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் ஐரோப்பியர்கள்தான். 1889இல் மக்கினோவும் ஓகுபோவும் 'யமதோகுசா' என்ற செடிக்கு ஜப்பானிய இதழிலேயே அறிவியல் பெயர் வைத்தார்கள். அடுத்த வருடம், 1890இல், பேராசிரியர் யதாபே அவரை உள்ளே வராதே என்று சொல்லிவிட்டார். 1893இல்தான் உதவியாளர் வேலை கிடைத்தது. முனைவர் பட்டம் வந்தது 1927இல், 65 வயதை நெருங்கியபோது. பொறியியல் பட்டத்தை 22 வயதில் வாங்கி அலமாரியில் வைத்துவிட்ட எனக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சரி, கமிட் ஹிஸ்டரியில் பெயர் வராதவர்கள்? தோட்டக்காரர்கள். இன்று உலகமெங்கும் விற்பது 'ஆரியோலா' என்ற பொன்வரி ரகம். 2009இல் அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிகள் சங்கம் இதை ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது. அந்த மஞ்சள் வரி, பச்சையம் குறைந்த இடம். அதனால் கடும் வெயிலில் இலை கருகும். முழு நிழலில் மஞ்சள் மங்கிப் பச்சையாகும். அரை நிழல், மக்கு நிறைந்த ஈரமான ஆனால் நீர் தேங்காத மண், இதுதான் அதற்குப் பிடிக்கும். விதை போட்டால் அந்த வரி அப்படியே வராது. வசந்தத்தில் தூரைத் தோண்டி, வேர்த்தண்டோடு பிரித்து நடவேண்டும். வளர்ச்சியோ ஆமை வேகம். 'ஸ்கேல் ஆகுமா?' என்று தினமும் கேட்கிற தொழிலில் இருப்பவன் நான். இந்தப் புல்லிடம் அந்தக் கேள்வி செல்லாது. தொட்டியில் இருக்கும் ஒவ்வொரு பொன்வரித் தூரும் யாரோ ஒருவர் மண்ணில் கைவைத்துப் பிரித்தது. அந்தக் கைகள் எந்தப் பெயரிலும் ஒட்டிக்கொள்ளவில்லை.

மக்கினோ வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார், மனைவி சுவேகோ. 13 குழந்தைகள், குறைந்த சம்பளம், தீராத கடன். கடன்காரர்களைச் சமாளித்தது அவர்தான். கணவர் சேர்த்த மாதிரிகள் கடைசியில் சுமார் 4 லட்சம் ஆயின. 1928இல் சுவேகோ இறந்தார். அதற்கு முந்தைய வருடம் செண்டாயில் கண்டெடுத்த ஒரு குட்டை மூங்கிலுக்கு மக்கினோ மனைவியின் பெயரையே வைத்தார். 'சுவேகோசாசா'. மூங்கிலும் புல் இனம்தானே.

அதன் இலையின் ஒரு ஓரமும் பின்பக்கமாகச் சுருண்டிருக்கும்.