தண்ணீருக்குள் போன தலைநகரம்



சரித்திரம் என்றாலே நம்மில் பலருக்கு ராஜாக்களின் பெயரும் வருஷக் கணக்கும்தான் ஞாபகத்துக்கு வரும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிற பாடம் அது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு ஊர் தண்ணீருக்குள் போகப்போகிறது, அதற்குள் அதன் சரித்திரத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஆறு வருஷம் மண்ணைத் தோண்டிய கதை ஒன்று உண்டு. நாகார்ஜுனகொண்டா என்னும் அந்த ஊரைப் பற்றித்தான் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஊரும் ஓர் ஆசிரியரும்

ஆந்திர மாநிலத்தில், இன்றைய பல்நாடு மாவட்டத்தில், கிருஷ்ணா நதியின் வலது கரையில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மூன்று பக்கமும் நல்லமலைக் குன்றுகள். மிச்சமுள்ள பக்கத்தில் ஆறு. உள்ளே நாகார்ஜுனகொண்டா என்றொரு மலை. தெலுங்கில் 'கொண்டா' என்றால் மலை என்று பொருள். நம்ம தோட்டங்களில் இருக்கிற தெலுங்குக் குடும்பத்தாரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். புத்த சமயப் பேரறிஞர் நாகார்ஜுனரின் பெயரை அந்த மலைக்குச் சேர்த்துச் சொல்வது மக்கள் வழக்கம். மலையடியில் புல்லாரெட்டிகூடெம் என்ற சிற்றூர் இருந்தது.

அக்காலத்தில் அந்தப் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1926-ஆம் ஆண்டில் சூரபராஜு வெங்கடராமையா என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் அங்கே ஒரு பழைய கல்தூணைக் கண்டார். ஏதோ கல் என்று தாண்டிப் போய்விடாமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அதன் பிறகுதான் தொல்பொருள் இலாகாவினர் அங்கே வந்து பார்த்தார்கள். 1927 முதல் 1931 வரை லாங்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி அகழ்ந்தார். 1938-இல் டி. என். இராமச்சந்திரன் என்ற தமிழர் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

மண்ணுக்குள் இருந்தது என்ன?

மண்ணுக்குள் இருந்தது ஒரு தலைநகரம்! அதன் பழைய பெயர் விஜயபுரி. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலும் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இட்சுவாகு மன்னர்கள் அங்கிருந்து ஆண்டார்கள். புத்த விகாரைகள், கோயில்கள், கோட்டை, ஆற்றங்கரைப் படித்துறை, சுற்றிலும் படிப்படியாக உட்கார இடம் வைத்த ஆட்ட அரங்கம் எல்லாம் வெளிப்பட்டன. நம்ம முருகப்பெருமானுக்கு, கார்த்திகேயர் என்ற பெயரில், அங்கே கோயில் இருந்திருக்கிறது. ரோமாபுரியின் பொற்காசுகூடக் கிடைத்தது என்றால் வாணிபம் எவ்வளவு தூரம் நடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்த பெரிய தூபிக்கு மகாசைத்தியம் என்று பெயர். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல உள்சுவர்கள் வைத்துக் கட்டியது. அதற்குள்ளே சின்னஞ்சிறு தங்கப் பேழையில் ஓர் எலும்புத் துண்டு பத்திரமாக இருந்தது. அது புத்தர்பெருமானின் புனித எலும்பு என்று போற்றப்பட்டு, பின்னர் சாரநாத்திலுள்ள விகாரைக்கு அளிக்கப்பட்டது.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மகாசைத்தியத் திருப்பணியைச் செய்தவர் மன்னரின் சகோதரி சாந்தசிரி. போதிசிரி என்ற இன்னொரு பெண்மணி இலங்கையிலிருந்து வந்த துறவிகளுக்காகக் கோயில் எழுப்பினார். அந்தத் துறவிகள் எந்தெந்த நாடுகளில் அறம் பரப்பினார்கள் என்று அவருடைய கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. காசுமீரம், காந்தாரம், சீனம் என்று போகும் அந்தப் பட்டியலில், எழுத்துத் தேய்ந்த ஓரிடத்தை 'தமிள', அதாவது தமிழர் நாடு, என்று அறிஞர்கள் நிரப்பிப் படித்திருக்கிறார்கள்.

இறந்தவர்களின் நினைவாக நட்ட கல்தூண்களும் அங்கே கிடைத்தன. மன்னருக்கும் போரில் மாண்ட வீரருக்கும் நட்டார்கள் என்றால் அதிசயமில்லை. தலைமைக் கைவினைஞர் ஒருவருக்கும் அப்படி ஒரு தூண் நட்டிருக்கிறார்கள். கையால் பாடுபட்ட மனிதனின் பெயரும் கல்லில் நின்றது என்பதைப் படித்தபோது எனக்கு உள்ளம் பூரித்துப் போனது.

விஜயபுரிக்கும் முன்னால், கற்கால மனிதர்கள் விட்டுப்போன கருவிகளும், பெருங்கற்கள் அடுக்கிய பழைய புதைகுழிகளும் அதே பள்ளத்தாக்கில் இருந்தன.

அணை வந்தது

இப்படிப்பட்ட இடத்தில் அணை கட்டலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனால் அந்தச் சீமை மழைக்கு ஏங்கிக் கிடந்த சீமை. கிருஷ்ணாவின் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போக, கரையிலிருந்த உழவன் வானத்தைப் பார்த்து நின்றான். சோறும் வேண்டும், சரித்திரமும் வேண்டும் என்றால் என்ன செய்வது?

1955 டிசம்பர் 10-இல் பிரதமர் நேரு நாகார்ஜுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். ஆயிரக்கணக்கான ஆணும் பெண்ணும் கல் சுமந்து உயர்த்திய கல்லணை அது. உயரம் ஏறக்குறைய 124 மீட்டர். 1967 ஆகஸ்டில் பிரதமர் இந்திரா காந்தி கால்வாய்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார். வறண்ட நிலத்தில் நெல் விளைந்தது. இதை நாம் குறைத்துப் பேசக் கூடாது.

அணை வரப்போகிறது என்று தெரிந்ததும் 1954-இல் மாபெரும் அகழாய்வு தொடங்கியது. ஆர். சுப்பிரமணியம் தலைமையில் 1960 வரை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் தோண்டி, அளந்து, படம் பிடித்து, எழுதி வைத்தார்கள். முக்கியமான ஒன்பது கட்டடங்களைப் பெயர்த்தெடுத்து மேட்டில் மறுபடியும் அமைத்தார்கள். வேறு பதினான்கிற்குச் சிறிய மாதிரிகள் செய்து வைத்தார்கள். ஆட்ட அரங்கம் கரைமேலிருக்கும் அனுபு என்ற இடத்துக்குப் போனது. தண்ணீர் ஏறியபோது மலையின் உச்சி மட்டும் தீவாக நின்றது. அந்தத் தீவில் 1966-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். இன்றைக்கும் படகில் போய்ப் பார்க்கலாம். நம்ம கெஞ்சிர் ஏரியில் தண்ணீருக்கு மேலே பட்டமரங்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அடியில் ஒரு பள்ளத்தாக்கு கிடக்கிறது என்றால் என்னவென்று புரியும்.

போனவை எவை?

கற்கள் மேட்டுக்கு ஏறின. அங்கே குடியிருந்த மக்களும் வீடு, வயல், குலதெய்வம், முன்னோரைப் புதைத்த மண் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினார்கள். மூன்றாம் நூற்றாண்டு அரசியின் பெயர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கடைசியாக அந்த ஊரில் அடுப்பு மூட்டிய அம்மாவின் பெயருக்கு அங்கே தூண் இல்லை. அரசியின் பெயரைப் பிழைக்க வைத்தது அவர் அரசி என்பது மட்டுமல்ல. யாரோ ஒருவர் அதைக் கல்லில் எழுதி வைத்ததுதான். எழுதாதது தண்ணீரோடு போயிற்று.

நமக்கென்ன?

அன்பர்களே, நம்ம தோட்டங்களுக்கு அணைக்கட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டன! லயம் இடிந்தது, பெரட்டுக் களம் தார்ச்சாலையானது, கோயிலை வேறிடத்துக்கு மாற்றினார்கள், பள்ளிக்கூடமும் பட்டணத்துக்குப் போனது. நாற்பது வருஷம் பால்மரம் சீவிய தாத்தா கண்ணை மூடினால் அவரோடு ஒரு டிவிஷனின் கதையே போய்விடுகிறது. அவரைக் கேட்டு எழுதத் தொல்பொருள் இலாகா வராது. நாம்தான் எழுத வேண்டும்.

மாணவச் செல்வங்களே, வருகிற பள்ளி விடுமுறையில் ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து, யாரோடு கப்பலேறி வந்தார்கள்? லயத்தில் எத்தனை வீடு, கிணறு எங்கே இருந்தது? கோயில் திருவிழாவை முதலில் யார் எடுத்து நடத்தினார்கள்? ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த ஆயாவின் பெயர் என்ன? அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். பேச்சைத் திருத்த வேண்டாம். பெற்றோர்களே, வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களின் பின்புறம், அதிலிருப்பவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

வெங்கடராமையா என்ற அந்த ஆசிரியர் செய்தது பெரிய ஆராய்ச்சி அல்ல. ஒரு தூணைப் பார்த்தார், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார், அவ்வளவுதான். பள்ளி திறந்ததும் உங்கள் புத்தகங்களை என்னிடம் கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு இடம் ஒதுக்கும்படி மலர்க் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.