எளிய நீள்ரைஃபிளும் அதன் அலங்காரமும்: மூன்று கைகளின் சிக்கல்

அமெரிக்க நீள்ரைஃபிளைப் பற்றிய ஆய்வு தொடக்கம் முதலே அலங்காரத்தின் பக்கம் சாய்ந்து நின்றது. 1924இல் கேப்டன் ஜான் டில்லின் வெளியிட்ட ‘தி கென்டக்கி ரைஃபிள்’ நூலும், 1960இல் வந்த ஜோ கிண்டிக்கின் பெருநூலும் இத்துறையின் அடித்தளம். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பழம்பொருள் வணிகராக இருந்த கிண்டிக், செதுக்கு வேலையின் தரத்தை முதன்மை அளவுகோலாகக் கொண்டார். விடுதலைப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளை அவர் ‘பொற்காலம்’ என்று போற்றியதும் அந்தக் கண்ணோடுதான். விளைவாக, செதுக்கும் வெள்ளிப் பதிப்பும் இல்லாத எளிய ரைஃபிள் அரைகுறைப் பண்டமாகவே எண்ணப்படுகிறது. அதற்கு அணி பூட்டினால் குறை தீர்ந்துவிடும் என்றும் பலர் கருதுகிறார்கள். இக்கருத்து பிழையானது. எளிய ரைஃபிளிலும் அலங்காரம் உண்டு. ஆனால் செய்தவர், வைத்திருந்தவர், பின்னாளில் விற்றவர் என மூவர் கைகள் அதில் கலந்திருக்கின்றன. இம்மூன்றையும் பிரிக்காமல் ஒரே பட்டியலில் எழுதுவதுதான் குழப்பத்தின் வேர்.

குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் வகையைச் சேர்ந்தது இந்தத் துப்பாக்கி (ஈழத்தில் ‘இடியன்’ என்பார்களே, அந்த இனம், ஆனால் குழலின் உட்புறம் திருகுவரி வெட்டப்பட்டது). ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள் கொண்டுவந்த குட்டையான வேட்டை ரைஃபிள், பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் நாற்பது அங்குலத்தைத் தாண்டும் குழலோடு நீண்டு மெலிந்தது. கட்டை பெரும்பாலும் வரியோடிய மேப்பிள் மரம். நாசரேத் அருகே மொரேவியச் சபையாரின் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையில் கிறிஸ்டியன் ஓர்ட்டர் 1770களில் ஆண்டு பொறித்துச் செய்த ரைஃபிள்களும், லங்காஸ்டரில் ஜேக்கப் டிக்கர்ட்டின் வேலையும் அருங்காட்சியகங்களில் பெருமையோடு நிற்கின்றன. அதே காலத்தில் உழவனுக்கும் காட்டு வேட்டைக்காரனுக்கும் செய்யப்பட்ட மலிவான துப்பாக்கிகள் நிற்கவில்லை. குழல் தேய்ந்தபோது திருகுவரியை மறுபடி வெட்டி அகலப்படுத்தினார்கள். சக்கிமுக்கி விசையைக் கழற்றிக் வெடிமூடியால் தீமூட்டும் கேப் விசை பொருத்தினார்கள். அதுவும் ஓய்ந்தபின் உட்புறத்தைச் சீவிச் சிறுகுண்டுத் துப்பாக்கியாக்கினார்கள். பயன்பட்டது அழிந்தது, காட்சிக்கு நின்றது பிழைத்தது. பிழைத்ததை மட்டும் எண்ணி அக்கால வழக்கத்தைக் கணிப்பது சரியாகாது.

இனி மரத்துக்கு வருவோம். இங்கேதான் வலுவான சான்று இருக்கிறது. புடைப்புச் செதுக்கு என்பது கட்டையை வடிவாக்கும்போதே திட்டமிடப்படும் வேலை. இலையோ சுருளோ எழும்பி நிற்க வேண்டிய இடத்தில் கைவினைஞன் மரத்தை விட்டுவைக்கிறான். மற்ற இடங்களைத் தாழ்த்துகிறான். எளிய ரைஃபிளில் அந்த உபரி மரம் முன்பே சீவி எறியப்பட்டது. பிறகு ஒருவன் அதில் புடைப்பு எழுப்ப விரும்பினால், உருவைச் சுற்றியுள்ள பரப்பைப் பள்ளமாக்குவது தவிர வேறு வழியில்லை. அப்போது கைப்பிடிக் கழுத்து மெலியும். விசைப்பொறியைச் சுற்றிய மரம் இறங்கி, உலோக விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பழைய எளிய துப்பாக்கிகளுக்குச் செதுக்கும், குண்டைப் பொதியும் துணி வைக்கும் துணிப்பெட்டிக்குப் பித்தளை மூடியும் சேர்த்து விலையேற்றிய வேலை இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவுவதும் இந்த விதிதான். பதிப்புத் தகடு கழன்றிருந்தால் அடியில் பார்க்கலாம்: பழைய பதிப்பின் கீழ் மரம் கறுத்திருக்கும், புதியதன் கீழ் வெளிறியிருக்கும்.

ஆகவே முடிந்துபோன எளிய கட்டை தாங்கக்கூடிய அலங்காரம் வேறு வகைப்பட்டது. முன்கட்டையின் ஓரத்தில் ஓடும் கீறல் வரி, கன்னமேட்டில் ஒரு வெள்ளி நட்சத்திரம், வெள்ளிக் கம்பிப் பதிப்பு ஆகியவை பரப்பைத் தாழ்த்தாமலே அமைபவை. கம்பிப் பதிப்பில் மெல்லிய வெள்ளிப் பட்டையைக் கத்தி நுனியால் கீறிய பிளவில் தட்டி இறக்கி, ஈரம் காட்டினால் மரம் உப்பித் தானே கவ்விக்கொள்ளும். குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆப்புகளின் துளைகளைச் சுற்றி வைத்த வெள்ளித் தகடுகளுக்கு வேலையும் உண்டு. சுத்தம் செய்ய ஆப்பைத் திரும்பத் திரும்பக் கழற்றும்போது துளையோர மரம் சிதையாமல் அவை காத்தன. சாயமும் அலங்காரமே. இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடு காட்டினால் மேப்பிளின் வரிகள் கருஞ்சிவப்பாய் எழும். வரியே இல்லாத மரத்தில் தார்க்கயிற்றைச் சுற்றி எரித்துப் பொய்வரி போட்டவர்களும் இருந்தார்கள். எளிமையை விரதமாகக் கொண்டவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

தெற்கு மலைநாட்டு ரைஃபிள்களைப் பார்த்தால் கிண்டிக்கின் அளவுகோல் இன்னும் பொருந்தாமல் போகிறது. கிழக்கு டென்னசியின் பீன் குடும்பமும் மேற்கு வட கரோலினாவின் கில்லெஸ்பி குடும்பமும் செய்தவற்றில் பித்தளை அருகி, இரும்பு மேலோங்கியது. பித்தளை மலை ஏறி வரவேண்டும். இரும்பு பக்கத்து உலைக்களத்திலேயே கிடைத்தது. துணிப்பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு வைக்க ஒரு வட்டக் குழி மட்டும். குழலின் பின்வால் மட்டும் கழுத்தைக் கடந்து கட்டையின் முதுகு நெடுக ஓடுகிறது. மெலிந்த கழுத்துக்கு அது வலுவும் சேர்க்கிறது, பார்வைக்கு ஒரே கோடாக அழகும் தருகிறது. இந்தத் துப்பாக்கியில் லங்காஸ்டர்ச் சுருளைச் செதுக்குவது அந்தக் கோட்டைக் கெடுப்பதாகும். இது என் ரசனை மட்டுமன்று. அதைச் செய்த கொல்லனின் தேர்வும் அதுவே.

வைத்திருந்தவரின் கை வேறு மாதிரி. பெருஞ்சமவெளிப் பழங்குடியினரின் துப்பாக்கிகளில் வரிசையாய் அறைந்த பித்தளை ஆணிகள் புகழ்பெற்றவை. அவை பெட்டிகளுக்கும் இருக்கைகளுக்கும் ஐரோப்பியர் செய்த ஆணிகள். வணிகச் சரக்காக வந்து அணியாயின. வெடித்த கழுத்தில் ஈரத்தோலைச் சுற்றிக் காயவிட்டால் அது இறுகிப் பிடிக்கும். அதன்மேலும் ஆணி வரிசை ஏறியது. இதைப் பழுதென்றோ கெடுத்தலென்றோ பட்டியலில் எழுதும் வழக்கம் ஒழிய வேண்டும். அது அந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு படிவு.

இன்று புதிதாக நீள்ரைஃபிள் செய்வோர் பலர். வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் குழலை உலையில் அடித்து உருவாக்குவது முதல் எல்லாவற்றையும் கையால் செய்துகாட்டிய படம் 1969இல் வெளிவந்து இக்கலைக்குப் புத்துயிர் தந்தது. எளிய துப்பாக்கியை வாங்கி அணிசெய்ய விரும்புவோருக்கும் தடையில்லை. வடிவத்தின் கோடு சரியாயிருந்தால் ஒரு கீறல் வரி போதும். கோடு தவறியிருந்தால் எத்தனை வெள்ளி பதித்தாலும் அது மறையாது. பழைய துப்பாக்கியில் மட்டும் புதிய உளி படக்கூடாது. புதியதில் சேர்ப்பவர், தம் பெயரையும் ஆண்டையும் குழலின் அடிப்பக்கத்தில் பொறித்துவிட வேண்டும். அருங்காட்சியகப் பட்டியல் எழுதுவோர் செய்தவர், வைத்திருந்தவர், விற்றவர் என மூன்று பத்திகளில் அலங்காரத்தைப் பிரித்துப் பதிய வேண்டும்.