சாவு மேளமும் ஷோப்பேனும்

எங்க தாத்தா செத்தபோது மேளம் அடிக்கவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்தில், ஊரிலும் சேரியிலும் விழுந்த சாவுக்கெல்லாம் அறுபது வருஷம் பறையடித்த மனுஷன். அவர் சாவுக்கு மேளம் வேண்டாம் என்று சொன்னது எங்கப்பாவும் நானும்தான். விடிய விடிய அடித்தாலும் ஊர்க்காரன் தருவது சாராயமும், எட்ட நின்று போடுகிற சில்லறையும். போகாமல் இருந்துவிட்டால் மறுநாள் தெருவில் நிறுத்திக் கேள்வி. அதனால்தான் அப்பா ஒருநாள் பறையைக் கொண்டுபோய் ஏரியில் போட்டார். மாணவர்களைக் கூட்டி ‘ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று பேசியவன் நான். தாத்தாவின் சாவில் மட்டும் எப்படி அடிப்பது? ஊமைச் சாவாகத் தூக்கிப்போனோம்.

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு மேற்கத்திய இசை நிகழ்ச்சிக்கு நண்பர் கூட்டிப் போனார். பியானோ, வயலின், செல்லோ. ஷோப்பேனின் இரண்டாவது பியானோ சொனாட்டா வாசித்தார்கள். அதன் மூன்றாம் பகுதி சவ ஊர்வல இசை. இடது கை இரண்டே ஸ்வரக்கூட்டுகளில் மாறி மாறி நடக்கிறது, பாடை தூக்குகிறவன் கால் எடுத்து வைக்கிற மாதிரி. நடுவில் தாலாட்டுப் போல ஒரு மெட்டு. திரும்பவும் அதே நடை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இது சாவு மேளம்தானே? இதுக்கு டிக்கெட் வாங்கி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, இருமாமல் உட்கார்ந்து கேட்கிறோமே!

1837 வாக்கில் எழுதிய இசை அது. 1849 அக்டோபர் 30இல் பாரிஸ் மதலேன் தேவாலயத்தில் ஷோப்பேனின் சவ அடக்கத்திலேயே அதை வாத்தியக் குழுவுக்கு மாற்றி வாசித்தார்கள். சாவுக்கு இசை செய்தவன் அங்கே தீட்டுப்பட்டவன் ஆகவில்லை. இங்கே மட்டும் ஏன்? செத்த மாட்டின் தோலைத் தொடுகிறான் என்பார்கள். ஷோப்பேன் காலத்து வயலினுக்குத் தந்தி ஆட்டுக்குடல். வயலினின் பலகைகளை ஒட்டுவது விலங்குத் தோலைக் காய்ச்சிய பசை. ஆரம்பகாலப் பியானோவின் சுத்தியல்களுக்கு மேல் போர்த்தியிருந்ததும் தோல்தான். தோல் அங்கேயும் இருக்கிறது. தீட்டுதான் இல்லை. ஆக, தீட்டு தோலில் இல்லை.

அப்படியானால் ஐரோப்பாவில் இசைக்காரன் எப்போதும் ராஜாவாக இருந்தானா என்றால், அதுவும் கிடையாது. வண்டிச் சக்கரம் செய்தவரின் மகன் ஹைடன். 1761இல் எஸ்டர்ஹாஸி பிரபு வீட்டில் அவர் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். சீருடை போட வேண்டும். தினமும் முன்னறையில் காத்து நின்று என்ன உத்தரவு என்று கேட்க வேண்டும். எழுதுகிற இசை பிரபுவுக்குச் சொந்தம். 1781இல் வியன்னாவில் மொசார்ட்டுக்குச் சாப்பாட்டு மேஜையில் கிடைத்த இடம் வேலைக்காரர்களுக்குக் கீழே, சமையற்காரர்களுக்கு மேலே. ‘அறை இசை’ என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த அறை பிரபுவின் அறை. வாசித்தவன் ஊழியக்காரன்.

அந்த ஊழியம் உடைந்தது எப்படி? நகரங்கள் வளர்ந்தன. டிக்கெட் விற்கிற கச்சேரி வந்தது. இசைத்தாள் அச்சாகி விற்பனைக்கு வந்தது. பிரபுவிடம் கைகட்டாமல் பிழைக்க வழி பிறந்தது. ஹைடன் 1791இல் லண்டன் போய்ப் பெரும் பேர் வாங்கினார். எஸ்டர்ஹாஸி பண்ணையில் வேலை பார்த்தவரின் மகன் லிஸ்ட், 1840இல் லண்டனில் தனியாளாகப் பியானோ வாசித்தார்; அதற்கு ‘ரிசைட்டல்’ என்று பேர் வந்தது. ஊழியக்காரன் கலைஞன் ஆனான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஹைடனுக்கு இருந்தது ஒப்பந்தம். கிழிக்கலாம், மாற்றி எழுதலாம். எங்க தாத்தாவுக்கு எந்தத் தாளும் இல்லை. பிறப்பே ஒப்பந்தம். மெட்ராசுக்கே ஓடிப்போனாலும் அது கூடவே வரும்.

ஐரோப்பாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 1803இல் பீத்தோவன் ஒரு வயலின் சொனாட்டாவை ஆப்பிரிக்க வம்சாவளி வயலின் கலைஞர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவருக்காக எழுதி முடித்தார். வியன்னாவில் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு மனஸ்தாபம். சமர்ப்பணத்தைக் குரோய்ட்ஸர் என்ற வெள்ளைக்கார வயலின்காரர் பேருக்கு மாற்றிவிட்டார். இன்றைக்கும் அது குரோய்ட்ஸர் சொனாட்டாதான். வாசித்தவன் பேர் போச்சு. நம் ஊரில் மிருதங்கத்துக்குத் தோல் இழுத்துக் கட்டியவர்களின் பேர் போன மாதிரி. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் 2020இல்தான் வந்தது. அதை வெளியிட முதலில் கொடுத்த அரங்கையும் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த பண்ணைப்புரத்து இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8இல் லண்டனில் அரங்கேறியது. அதே வருஷம் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. மேடையில் பறைக்குக் கைதட்டுகிறார்கள். தெருவில்?

நாங்கள் பறையை மறுத்தது சரி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பஸ்ஸில் விழுப்புரம் திரும்புகிற வழியெல்லாம் ஒரே கேள்வி குடைந்தது. நாங்கள் மறுத்தது ஊழியத்தையா, இசையையா? ஊழியத்தைத்தான் என்றால், தாத்தாவை ஏன் ஊமையாக அனுப்பினோம்? அவருடைய மக்கள் அவருக்கு அடித்திருந்தால் அதற்குப் பேர் ஊழியமா?

இந்த வருஷம் நினைவு நாளுக்குக் காலனிப் பிள்ளைகள் பத்துப் பேர் பறையைக் காய்ச்சி எடுத்து வந்தார்கள். அதில் நாலு பேர் பெண்பிள்ளைகள். ஊர்ச் சாவுக்குப் போகிறதில்லை என்ற முடிவில் மாற்றம் இல்லை. இது எங்கள் சாவுக்கு, எங்கள் தெருவில். அப்பா வரமாட்டேன் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது நிமிராமல் சொன்னார்: “இன்னாடா அடிக்கிறானுங்க... பாடை தூக்கற அடி அப்படியா? நாளைக்கு வரச்சொல்லு.”