போலீஸ் அதிகாரிகளின் தோளில் ஏன் அந்தக் குறுக்கு வார்?



மதுரை ஆயுதப்படை மைதானத்தில் குடியரசு தின அணிவகுப்பு பார்த்திருக்கிறீர்களா? ஒரு வருடம் நானும் என் நண்பனும் போயிருந்தோம். கலெக்டர் கொடியேற்றி முடிந்ததும் போலீஸ் அணி நடந்து வந்தது. முன்னால் வந்த அதிகாரிகளைப் பார்த்து நண்பன் கேட்டான்: "மாப்ள, இடுப்புலதான் இம்மாம் பெரிய பெல்ட் இருக்கே, அப்புறம் எதுக்குடா தோள்ல குறுக்கால இன்னொண்ணு?"

"சும்மா ஸ்டைலுக்கா இருக்கும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது ஸ்டைல் இல்லை. ஒரு கையை இழந்த மனிதர் தன் வசதிக்காக மாற்றிக்கொண்ட ஏற்பாடு அது. அந்தக் கதையும் நம்ம ஊர்க்கதையும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கைத்துப்பாக்கி உறை முதலில் மனிதன் இடுப்பில் இல்லை, குதிரைச் சேணத்தில்தான் இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் குதிரைப்படை வீரர்கள் சேணத்தின் முன்பக்கம் இரண்டு உறைகள் தொங்கவிட்டு, ஆளுக்கு இரண்டு துப்பாக்கி வைத்திருப்பார்கள். ஒன்றைச் சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் இருக்காது, அதனால்தான் இரண்டு. துப்பாக்கியும் பெரியது, கனமானது. 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே துப்பாக்கியில் ஐந்து, ஆறு குண்டுகள் வந்துவிட்டதால், அதன் பிறகு உறை மெல்ல மெல்ல மனிதன் இடுப்புக்கு இடம் மாறியது.

இப்போது அந்த வாருக்கு வருவோம். சாமுவேல் பிரவுன் என்பவர் 1824இல் வங்காளத்தில் பாரக்பூரில் பிறந்த ஆங்கிலேயர், குதிரைப்படை அதிகாரி. 1857 கிளர்ச்சியை அடக்கப் போன படைகளில் இருந்தவர். 1858 ஆகஸ்ட் 31 அன்று சீர்போரா என்ற இடத்தில், கிளர்ச்சியாளர்களின் பீரங்கி ஒன்றை நோக்கிப் பாய்ந்தபோது அவருடைய இடது கை தோளோடு வெட்டுண்டது. உயிர் பிழைத்தார், விக்டோரியா சிலுவைப் பதக்கமும் கிடைத்தது.

ஆனால் பிழைத்து வந்தபிறகு ஒரு நடைமுறைச் சிக்கல். அந்தக் காலத்தில் வாள் இடது இடுப்பில் தொங்கும். நடக்கும்போது ஆடாமல் இடது கையால் உறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையால் வாளை உருவும்போதும் இடது கைதான் உறையை நிறுத்தி வைக்கும். இடது கையே இல்லாதவர் என்ன செய்வார்?

அவர் யோசித்த வழி எளிமையானது. கனமான தோல் பெல்ட் ஒன்று, அதில் பொருட்களை மாட்ட வளையங்கள். வலது தோள் வழியாகக் குறுக்கே ஒரு வார் வந்து இடது இடுப்பில் வாள் எடையைத் தாங்கும். வலது இடுப்பில் மூடி போட்ட துப்பாக்கி உறை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், ஒரு கை போதும். இந்த பெல்ட் முதலில் இந்தியாவில் இருந்த அதிகாரிகளிடம் பரவியது, பிறகு பிரிட்டிஷ் ராணுவம் முழுவதும் போனது. இன்றும் அதன் பெயர் 'சாம் பிரவுன் பெல்ட்'. நம் ஊரில் 'கிராஸ் பெல்ட்' என்கிறார்கள்.

உறைக்கு எந்தத் தோல் என்பதும் முக்கியம். மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது. நனைத்துத் துப்பாக்கியின் வடிவத்துக்கு அழுத்திக் காயவைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, உப்பு உலோகத்தை அரிக்கும் என்ற பயமும் உண்டு. நம் தமிழ்நாட்டில் தோல் பதனிடப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. மதுரையைச் சுற்றிப் பொட்டல் காடுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே, அதே ஆவாரைதான்! இங்கிருந்து பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தோலை உரித்து, ஊறவைத்து, நாற்றத்தில் நின்று பதனிட்டவர்களைத்தான் ஊர் தள்ளி வைத்திருந்தது. பெல்ட் கட்டியவருக்குப் பதக்கம், தோல் பதனிட்டவருக்குத் தீண்டாமை.

இனி நம்ம ஊர்க்கதை. இந்த பெல்ட் பிறப்பதற்கு 50 வருடங்களுக்கு முன்பே, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளில் ஆயுதம் ஏந்துவது சாதாரணம். வாள், ஈட்டி, பிறகு வளரி. பிறை போல வளைந்த எறி ஆயுதம் இது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, ஈட்டியும் வளரியும் எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிரான போரிலும் இருந்தார்! 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கம்பெனி அனுமதித்தவர்களைத் தவிர யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும் என்பது அதன் சாரம்.

வளரி அதோடு போர்க்களத்தை விட்டுப் போனது. கள்ளர் சமூகத்தில் கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை 1909இல் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஆயுதம் சடங்காக மிஞ்சியது.

பிறகு 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கு. ஆக, ஒரு பக்கம் எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் பளபளக்கும் உறை. இன்னொரு பக்கம் வைத்திருந்தாலே குற்றம். அப்படியென்றால் எதிர்ப்பவன் என்ன செய்வான்? மறைப்பான்.

1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது பிரவுனிங் வகைத் தானியங்கி கைத்துப்பாக்கி. (இந்த பிரவுனிங் வேறு ஆள், அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர். பெல்ட் பிரவுன் அல்ல!) சுழல் துப்பாக்கியில் நடு உருளை புடைத்துத் தெரியும். இது தட்டையானது, உடைக்குள் அடங்கிவிடும். அதனால் பெல்ட்டும் உறையும் அவசியமில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. துப்பாக்கி உறை செய்பவர்கள் இன்றும் மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தானாக விழக்கூடாது, அடுத்தவன் பிடுங்கக்கூடாது, தேவைப்படும்போது கைக்கு உடனே வர வேண்டும். தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தாலும், பெல்ட்டிலிருந்து தொடைக்கு இறங்கினாலும் கேள்விகள் மாறவில்லை. ஆனால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. இதை வெளியே தெரிய மாட்டிக்கொள்ள யாருக்கு உரிமை? அதற்குப் பதில் சொல்வது தோல் தைப்பவர் அல்ல, அரசு.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் முறை தொடர்ந்தது, ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்று. 2019 திருத்தத்தின்படி ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். எல்லோர் கையிலும் ஆயுதம் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரிவாள் வெட்டுச் செய்தி படித்தே வளர்ந்த மதுரைக்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் 1857இல் நம்மவர்களை அடக்கியவரின் பெயர் கொண்ட வாரை, நம் அதிகாரிகள் மூவர்ணக் கொடிக்கு முன்னால் அணிந்து நடக்கிறார்கள். அதைக் கழற்றிவிடலாமா, அல்லது ஒரு கை இழந்தவரின் நல்ல யோசனை என்று வைத்துக்கொள்ளலாமா? எனக்கே முடிவாகத் தெரியவில்லை.

நண்பனிடம் முழுக்கதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "வாரை மாட்டட்டும்டா. ஆனா அந்த மைதானத்துல ஒரு ஓரமா வளரி ஒண்ணும் வைக்கலாம்ல?"

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?