அமெரிக்காவில் தோட்டா வாங்க ஐடி கார்டு காட்டினால் போதுமா? கலிஃபோர்னியாவைக் குழப்பும் லைசென்ஸின் 'அந்த ஒரு வரி'

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு துப்பாக்கிக் கடை. வாடிக்கையாளர் ஒருவர் 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டியை எடுத்து கவுன்ட்டரில் வைக்கிறார். பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டுகிறார்.

கடைக்காரர் லைசென்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட் இருக்கா? இல்லைன்னா பிறப்புச் சான்றிதழ்?" என்று கேட்கிறார்.

வந்தவர் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். குற்ற வழக்கு எதுவும் இல்லை. வீட்டில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். காரணம், லைசென்ஸில் அச்சாகியிருக்கும் ஒரு சின்ன வரி: 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை'.

துப்பாக்கி வாங்கவே ஈஸி என்று சொல்லப்படும் அமெரிக்காவில், தோட்டா வாங்க ஏன் இவ்வளவு கெடுபிடி? எல்லா மாகாணத்திலும் இப்படித்தானா? இதனால் யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம்? விரிவாகப் பார்க்கலாம்.

அமெரிக்கா முழுக்க என்ன விதி?

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குவது வேறு, தோட்டா வாங்குவது வேறு.

துப்பாக்கி வாங்க வருபவர் அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். '4473' என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். 1998 நவம்பரில் தொடங்கிய தேசியப் பின்னணிச் சோதனை அமைப்பில் அவருடைய விவரங்கள் சரிபார்க்கப்படும். இதை நடத்துவது எஃப்.பி.ஐ.

தோட்டாவுக்கு மத்திய அரசின் சட்டத்தில் இதில் எதுவுமே கிடையாது. வயது மட்டும்தான் கணக்கு. ரைஃபிள், ஷாட்கன் தோட்டா வாங்க 18 வயது, கைத்துப்பாக்கித் தோட்டா வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பல கடைகளில் ஐடி கேட்பது இந்த வயதைப் பார்க்கத்தான்.

பெரும் குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள், குடும்ப வன்முறை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் போன்றோர் தோட்டா வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். அதெல்லாம் சரி, வாங்க வந்து நிற்பவர் அப்படிப்பட்டவரா இல்லையா என்பதைக் கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தோட்டா விற்பனைக்காக மட்டும் அந்த தேசியச் சோதனை அமைப்பைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி இல்லை. சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

ஒரு காலத்தில் பதிவேடு இருந்தது

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1963-ல் அதிபர் ஜான் எஃப். கென்னடி தபாலில் வரவழைக்கப்பட்ட துப்பாக்கியால் கொல்லப்பட்டார். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும், கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்து சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டப்படி தோட்டா விற்கவும் லைசென்ஸ் வேண்டும். வாங்குபவரின் பெயர், வயது, முகவரியைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். மளிகைக் கடை கணக்கு நோட்டு மாதிரி, தோட்டாவுக்கும் ஒரு நோட்டு.

ஆனால் நோட்டுகள் குவிந்தனவே தவிர, குற்றவாளிகளைப் பிடிக்க அவை பெரிதாக உதவவில்லை என்ற வாதம் வலுத்தது. 1986-ல் அதிபர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், சாதாரணத் தோட்டாக்களுக்கான பதிவேட்டு முறையை நீக்கியது. தோட்டா மட்டும் விற்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. தபாலில் வாங்குவதும் மறுபடி சாத்தியமானது.

அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்தது. 2012 ஜூலையில் கொலராடோ மாகாணம் அரோராவில் ஒரு சினிமா தியேட்டரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் கொல்லப்பட்டனர். கொலையாளி 6,000-க்கும் மேற்பட்ட தோட்டாக்களை ஆன்லைனில் வாங்கிக் குவித்திருந்தது தெரியவந்தது. 'துப்பாக்கிக்குச் சோதனை இருக்கு, தோட்டாவுக்கு ஏன் இல்லை?' என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது.

மாகாணத்துக்கு ஒரு சட்டம்

மத்திய அரசு கைவிட்டதைச் சில மாகாணங்கள் கையில் எடுத்துக்கொண்டன.

இல்லினாய்: துப்பாக்கி வைத்திருப்பவருக்கென மாகாண அரசு தனி அடையாள அட்டை தருகிறது. அதைக் காட்டினால்தான் துப்பாக்கியும் தோட்டாவும் கிடைக்கும்.

கனெக்டிகட்: 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, 2013-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. துப்பாக்கி உரிமமோ, தோட்டா வாங்குவதற்கான தனிச் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும்.

நியூயார்க்: தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை. சட்டம் 2013-லேயே நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 2023 செப்டம்பர் 13-ல்தான். சோதனைக் கட்டணம் 2.50 டாலர்.

இன்னொரு பக்கம், அலபாமா, ஓக்லஹோமா, டெக்சாஸ் மாகாணங்களில் சில மளிகைக் கடைகளில் தோட்டா விற்கும் தானியங்கி இயந்திரங்களே வந்துவிட்டன. 2024-ல் இது பெரிய செய்தியானது. இயந்திரம் லைசென்ஸை ஸ்கேன் செய்யும், முகத்தையும் படம் பிடித்து ஒப்பிடும். ஆனால் அது பார்ப்பது ஆள் அவர்தானா, வயது 21 ஆகிவிட்டதா என்பதை மட்டும்தான். அவர் மீது தடை இருக்கிறதா என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் என்ன நடைமுறை?

தோட்டா வாங்கும் ஒவ்வொரு முறையும் சோதனை என்பதை நாட்டிலேயே முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது கலிஃபோர்னியா. அப்போது துணை ஆளுநராக இருந்த கேவின் நியூசம் முன்னெடுத்த '63-வது முன்மொழிவு' 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 63% பேர் ஆதரித்து வாக்களித்தனர்.

2018 தொடக்கத்திலிருந்து, தோட்டா விற்பனை லைசென்ஸ் பெற்ற கடையில் நேருக்கு நேர்தான் நடக்க வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் செய்தாலும் அது வீட்டுக்கு வராது, கடைக்குத்தான் வரும். 2019 ஜூலை 1 முதல் ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை கட்டாயமானது.

சோதனையில் இரண்டு முக்கிய வகை:

1. வழக்கமான சோதனை: வாங்குபவர் பெயரில் ஏற்கெனவே துப்பாக்கிப் பதிவு இருந்தால் இது. லைசென்ஸில் உள்ள பெயர், பிறந்த தேதி, முகவரி, எண் ஆகியவை அந்தப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1 டாலராக இருந்த கட்டணம் 2025 ஜூலை முதல் 5 டாலர்.

2. அடிப்படைச் சோதனை: பதிவு இல்லாதவர்களுக்கு. கட்டணம் 19 டாலர். முடிவு வர நாட்கள் ஆகலாம். கிடைக்கும் அனுமதியும் ஒரே ஒரு முறை வாங்குவதற்குத்தான்.

இதைக் கேட்டால் எளிமையாகத்தான் இருக்கிறது. சிக்கல் 'ஒத்துப்போக வேண்டும்' என்ற வார்த்தையில் இருக்கிறது. துப்பாக்கி வாங்கிய பிறகு வீடு மாறியவர், புது முகவரியை லைசென்ஸில் மாற்றியிருப்பார். துப்பாக்கிப் பதிவில் பழைய முகவரியே இருக்கும். சோதனையில் 'நிராகரிப்பு' என்று வரும். கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டவருக்கும் இதே கதைதான்.

இன்னொன்றும் உண்டு. ரைஃபிள், ஷாட்கன் விற்பனை விவரங்களை கலிஃபோர்னியா முறையாகச் சேமிக்கத் தொடங்கியது 2014-லிருந்துதான். அதற்கு முன் வேட்டைத் துப்பாக்கி வாங்கியவர் 30 வருடமாக அதை வைத்திருந்தாலும், கணினியைப் பொறுத்தவரை அவரிடம் துப்பாக்கியே இல்லை.

'அந்த ஒரு வரி' ஏன் வந்தது?

2015 முதல், சட்டப்படி குடியேறியதற்கான ஆவணம் இல்லாதவர்களுக்கும் கலிஃபோர்னியா டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிறது. அதில் 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை' என்று அச்சாகியிருக்கும். மத்திய அரசின் தேவைகளுக்கு இந்த அட்டை செல்லாது என்பது இதன் பொருள்.

2018-ல் 'ரியல் ஐடி' என்ற உயர்தர அட்டை கலிஃபோர்னியாவுக்கு வந்தது. அதை வாங்காமல் சாதாரண லைசென்ஸ் போதும் என்று இருந்துவிட்டவர்களின் அட்டையிலும் இதே வரியை அச்சடித்தார்கள். இப்போது அட்டையைப் பார்த்து யார் குடிமகன், யார் ஆவணம் இல்லாதவர் என்று சொல்ல முடியாத நிலை.

சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் தோட்டா வைத்திருக்க மத்திய சட்டம் தடை விதிக்கிறது. அதனால் கலிஃபோர்னியா அரசு ஒரு நிபந்தனை போட்டது. இந்த வரி இருக்கும் லைசென்ஸோடு வருபவர், பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், குடியுரிமைச் சான்று, கிரீன் கார்டு போன்ற ஏதாவது ஒன்றையும் கொண்டுவர வேண்டும்.

ரியல் ஐடி வாங்க நேரம் கிடைக்காமல் சாதாரண லைசென்ஸைப் புதுப்பித்தவர், தோட்டாக் கடையில் தன் குடியுரிமையை நிரூபிக்க வேண்டி வந்தது இப்படித்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

சோதனை தொடங்கிய முதல் ஏழு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது முயன்றவர்களில் 16.4% பேர், தடைப் பட்டியலில் இல்லாதபோதும் திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிட்டது. 2023-ன் முதல் பாதியில் வழக்கமான சோதனையில் நிராகரிப்பு சுமார் 11% ஆக இருந்தது. அதே காலத்தில் உண்மையிலேயே தடை செய்யப்பட்டவர்கள் என்று பிடிபட்டவர்கள் 141 பேர்.

'141 பேருக்காக இத்தனை ஆயிரம் பேரை அலைய விடுவதா?' என்று கேட்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அரசியல் சாசனம் தந்த உரிமையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அரசிடம் அனுமதி கேட்கச் சொல்வது தவறு என்பது அவர்கள் வாதம்.

ஆதரிப்பவர்கள் வேறு கணக்கு சொல்கிறார்கள். சட்டப்படி துப்பாக்கி வாங்கி, பிறகு தடைக்கு உள்ளாகி, ஆனாலும் துப்பாக்கியை ஒப்படைக்காதவர்களை கலிஃபோர்னியா தனிப் பட்டியலாக வைத்திருக்கிறது. அதில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். இவர்கள் புதுத் துப்பாக்கி வாங்கப் போக மாட்டார்கள். கையில் இருக்கும் துப்பாக்கிக்குத் தோட்டாதான் வேண்டும். அவர்களை நிறுத்தக்கூடிய ஒரே இடம் தோட்டாக் கடை கவுன்ட்டர்தான் என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு ஒரு பழைய ஆய்வும் துணை நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோட்டா வாங்குபவரின் விவரங்களைக் கடைகள் பதிவு செய்யும் விதி முன்பே இருந்தது. 2004 ஏப்ரல், மே மாதப் பதிவுகளை ஆய்வாளர்கள் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். வாங்கியவர்களில் 2.6% பேர் தடை செய்யப்பட்டவர்கள். இரண்டே மாதத்தில், ஒரே நகரத்தில், அவர்கள் கைக்குப் போன தோட்டாக்கள் 10,050.

கவனிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் எல்லோரும் தங்கள் விவரத்தைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டுதான் வாங்கினார்கள். விவரத்தை எழுதி வைத்த கடைக்கு, அதைக் குற்றப் பதிவோடு அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை.

நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது?

ஆறு ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற துப்பாக்கி சுடும் வீராங்கனை கிம் ரோட் உள்ளிட்டோர் 2018-ல் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். பயிற்சிக்கே ஏராளமான தோட்டாக்கள் தேவைப்படும் விளையாட்டு அது.

2024 ஜனவரியில் மாவட்ட நீதிபதி ரோஜர் பெனிடெஸ், சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அடுத்த சில நாட்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2025 ஜூலை 24 அன்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, 2-க்கு 1 என்ற கணக்கில் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. ஆனால் அதுவும் முடிவல்ல. வழக்கு அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வின் மறுவிசாரணைக்குப் போனது.

அமெரிக்காவில் வேலை செய்யும் இந்தியர்கள் வாங்கலாமா?

கலிஃபோர்னியாவில் தமிழர்கள் உட்பட இந்தியர்கள் ஏராளமாக இருப்பதால் இந்தக் கேள்வி முக்கியமானது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், வேறு தடை எதுவும் இல்லாவிட்டால், மத்திய சட்டப்படி வாங்கலாம்.

எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசாவில் அமெரிக்கா வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. 'கடையில ஐடி கேட்கலையே, அப்ப வாங்கலாம்தானே' என்று நினைத்துவிடக் கூடாது. கடைக்காரர் சோதிக்காத மாகாணத்திலும், தடை உள்ளவர் கையில் தோட்டா இருந்தால் குற்றம் குற்றம்தான்.

திரும்பி வந்தவர் இனி என்ன செய்யலாம்?

மேல்முறையீட்டின்போதும் கலிஃபோர்னியா கடைகளில் சோதனை தொடர்ந்தது. லைசென்ஸில் 'அந்த வரி' இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும், அல்லது ரியல் ஐடிக்கு மாற வேண்டும். வீடு மாறியவர்கள், லைசென்ஸில் மட்டுமின்றி மாகாண நீதித்துறையின் துப்பாக்கிப் பதிவிலும் முகவரியை மாற்ற வேண்டும். பதிவே இல்லாதவர்களுக்கு இருக்கும் வழி, 19 டாலர் கட்டிவிட்டுக் காத்திருப்பதுதான்.